கொடுமுடியிலிருந்து குரும்பூர் பள்ளம் வரை

கொடுமுடியில் காவிரியை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் அந்த ஜீப்புக்கு உடம்பு அமெரிக்கா, இன்ஜின் பிரான்ஸ், கியர் பாக்ஸ் கொரியா. மஹிந்திரா எம்.எம்.540. உருவம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வில்லிஸ் வண்டியிலிருந்து வழிவழியாக வந்தது. இன்ஜின், பெஜோ கம்பெனியிடம் 1979-இல் உரிமம் வாங்கி மஹிந்திரா இங்கேயே செய்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சி.சி. கியர் பாக்ஸ் கியாவின் தொழில்நுட்பத்தில் வந்த கே.எம்.டி.90. அந்த மூன்று தேசத்துக்காரர்களும் இதையெல்லாம் என்றோ மறந்தாயிற்று. இன்றைக்கு அதற்குச் சொந்தபந்தம் என்றால் கரூர், ஈரோடு, கோவைப் பட்டறைகள்தான்.

அந்த வண்டியில் ஈரோடு, கோபி வழியாகக் கடம்பூர் மலை ஏறி மாக்கம்பாளையம் வரை போனோம். கொரோனா ஊரடங்கெல்லாம் தளர்ந்த பிறகு வந்த ஐப்பசி அது. வண்டிக்காரர் எனக்கு உறவுமுறையில் அண்ணன். மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “வண்டி பேரைப் போடுங்க தம்பி, அது போதும்.”

1987-ஆம் வருட வண்டி. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, டயர் இல்லாமல் செங்கல் மேல் நின்றதை ஏலத்தில் எடுத்தவர் அண்ணனின் அப்பாரு. கொங்கு நாட்டில் தனியார் கையில் இருக்கும் பழைய ஜீப்புகளில் பாதிக்கு ஜாதகம் இப்படித்தான் இருக்கும். ஜீப் என்றால் எங்கள் பக்கம் வெகுகாலம் சர்க்கார்தான். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு பி.டி.ஓ. வந்து இறங்குவது ஜீப்பில். அம்மை குத்துகிறவர் வருவது ஜீப்பில். வனத்துறை, போலீஸ், பொதுப்பணித்துறை எல்லாம் ஜீப். மண் ரோட்டில் தூசி கிளம்பினால் கோவணத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டிலிருந்து எட்டிப் பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. அதிகாரி ஏறிய வண்டியைத் தானும் ஒருநாள் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அந்த ஏலங்களில் கை தூக்கியவர்களுக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டிராக்டர் போகிற இடத்துக்கெல்லாம் போகும் என்பது அவர்கள் வெளியே சொன்ன காரணம்.

மஹிந்திராவின் கதையும் சர்க்கார் கதையோடு பின்னிக் கிடப்பதுதான். 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய இரும்பு வியாபாரக் கம்பெனி அது. பங்காளியான குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரி ஆனார். பிற்பாடு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் கம்பெனிப் பேர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கி பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பின்னால் மெத்தை இல்லாத பக்கவாட்டு சீட்டில் சாக்கு விரித்து, அதன் மேல் காயில் கட்டிய ஒரு சப்மெர்சிபிள் மோட்டார். மாக்கம்பாளையத்தில் அண்ணனுக்கு ராகி கொடுக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவருடைய போர் மோட்டார் புகைந்துபோனதை அண்ணன்தான் கீழே கொண்டுவந்து ஈரோட்டில் காயில் கட்டி வைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு ராகி ஏற்றிக்கொண்டு வருவது திட்டம். இந்த வண்டி கடைசிவரை வேலைவண்டி. துடைத்து வைத்துப் பார்ப்பதற்காக யாரும் வாங்கியதில்லை.

சாவியைத் திருப்பி ஹீட்டர் போட்டுப் பொறுமையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு கம்பி பழுத்து உள்ளே அறை சூடாகும்வரை செல்ப் அடிக்கக் கூடாது. பெஜோ இன்ஜினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழாது. தலைப்பக்கம் இருக்கும் ஒரு சிறு அறையில் சுழலும் காற்றில் விழுந்து, அங்கே பற்றி, பிறகுதான் கீழே இறங்கும். அதனால் சத்தம் குறைவு. அதனாலேயே குளிர்ந்த காலையில் மசமசப்பு அதிகம். பின்னால் வந்த, டீசல் நேரே விழுகிற டி.ஐ. இன்ஜினில் இந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் சத்தம் காது கிழியும். பெஜோவைக் கழற்றி டி.ஐ. மாற்றிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அண்ணன் மாற்றவில்லை. இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஏற்றாமல் ஓட்டினால் என்றைக்கும் நெஞ்சில் ஒரு பயம் என்பது அவர் கணக்கு. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு வந்த வாரத்தில், மாற்றியவர்கள் பலர் அவரிடம் யோசனை கேட்க வந்தார்களாம்.

கொடுமுடி தாண்டினால் ஈரோடு வரைக்கும் ரோடு, ரயில் பாதை, காலிங்கராயன் வாய்க்கால், காவிரி நான்கும் கிட்டத்தட்ட ஒரே திசையில் ஓடுகின்றன. வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் வெட்டியது. பவானி காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணைக்கட்டில் தொடங்கிப் பாம்பாக வளைந்து வளைந்து ஐம்பத்தாறு மைல் வந்து, கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் முடிகிறது. நேரே வெட்டியிருந்தால் பாதித் தூரம்தான் இருக்கும். வளைந்ததால்தான் இத்தனை ஏக்கர் நனைகிறது. ஐப்பசியில் இருபக்கமும் மஞ்சள் நெஞ்சு உயரத்துக்கு இலை விட்டு நின்றது. ஜீப்பில் மணிக்கு நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அண்ணன் போவதில்லை. கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஊஞ்சலூர் பக்கம் ஈரோடு ரயில் ஒன்று எங்களைத் தாண்டியது. இதே பாதையில்தான் கொடுமுடிப் பெண்பிள்ளை ஒருத்தி ரயிலில் பாடிக்கொண்டு போய், பிற்காலத்தில் கே.பி. சுந்தராம்பாளாகி 1951-இல் சென்னை மாகாண மேலவை வரைக்கும் போனார் என்று எங்கள் ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஐம்பதுக்கு மேல் போகாததற்குப் பயம் காரணமல்ல. முன் அச்சில் சக்கரம் திரும்புகிற மூட்டு இருக்கிறது, அங்கே கிங்பின் பேரிங் தேய்ந்து கொஞ்சம் இடைவெளி விட்டால், ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீரிங் கைக்குள் நிற்காமல் ஆடத் தொடங்கும். வண்டியே நடுங்கும். பழைய ஜீப் ஓட்டினவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். பலர் ஸ்டீரிங் பாக்ஸை மாற்றிக் காசைத் தொலைப்பார்கள். வியாதி அங்கே இல்லை. பேரிங் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளைக் குறைத்து, கையால் திருப்பிப் பார்க்கும்போது லேசாகப் பிடிக்கிற மாதிரி இறுக்கினால் போதும். எத்தனை தகடு என்பதைப் புத்தகம் சொல்லும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். அந்தக் கை கரூரில் ஒருவருக்கு இருக்கிறது.

கரூர் எங்களுக்கு எதிர்த்திசை. ஆனாலும் முந்தைய வாரம் வண்டி அங்கே போய்விட்டுத்தான் வந்திருந்தது. பஸ் பாடி கட்டுகிற ஊர் என்பதால் அங்கே இரும்பு வேலைக்கு வேண்டிய எல்லாக் கையும் ஒரே ரோட்டில் கிடைக்கும். முன்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டையில் விரிசல் விட்டிருந்ததைக் கழற்றிப் புதுப் பட்டை போட்டார்கள்; மீதிப் பட்டைகள் தொய்ந்திருந்ததால் உலையில் பழுக்கவைத்து அடித்து வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கி எடுத்தார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பட்டை போடுகிறவருக்கு ஜீப் பட்டை கைக்குழந்தை. ஆனால் அவர்கள் பழக்கதோஷத்தில் லாரிக்கு ஏற்றுகிற அளவுக்கு வளைவு ஏற்றிவிட்டால் வண்டி தூக்கிப் போட்டு இடுப்பு கழன்றுவிடும். “காலி வண்டி ஜாஸ்தி ஓடும்ங்க, கொஞ்சம் கம்மியா ஏத்துங்க” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அண்ணன். பழைய வண்டி வைத்திருக்கிறவனுக்குப் பாதி வேலை பட்டறையில் நிற்பதுதான். வண்டியை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்கிறவனுக்கு இந்தச் சோலி ஒத்துவராது.

ஈரோட்டில் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட அறை, ஏ.சி., தரையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது. பம்புக்குள் தூசி போனால் போச்சு என்பதால் அப்படி. நான்கு நாசிலையும் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அடித்துப் பார்த்தார் கடைக்காரர். மூன்று பனி மாதிரி தெளித்தன. ஒன்று சொட்டியது. அந்தச் சொட்டுதான் ஏற்றத்தில் வருகிற கறுப்புப் புகை.

டீசல் விஷயத்தில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 டீசல், கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான் இருக்கலாம், அதற்கு முன்னால் ஐம்பது வரை இருந்தது. கந்தகத்தை எடுக்கிற முறையில் டீசலின் வழுவழுப்பும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும். பழைய பம்புக்குத் தனி எண்ணெய் கிடையாது, ஓடுகிற டீசலேதான் அதற்கு எண்ணெய். அதனால் டேங்க் நிரப்பும்போதெல்லாம் கொஞ்சம் 2-டி ஆயில் கலக்கச் சொல்கிறார். வழுவழுப்புக்கென்று மருந்து சேர்த்துத்தான் எண்ணெய்க் கம்பெனிகள் விற்கின்றன, தர விதியிலேயே அதற்கு அளவு இருக்கிறது என்று நான் சொன்னேன். “இருக்கட்டும்ங்க, நாமளும் ரெண்டு சொட்டு ஊத்துனா என்ன கெட்டுப்போச்சு?” என்றார். பம்பைக் கழற்றிப் பார்க்கிறவர் அவர். வாயை மூடிக்கொண்டேன்.

டேஷ்போர்டுக்குக் கீழே அண்ணன் ஒரு பழைய டைரியைச் செருகி வைத்திருக்கிறார். அதில் போன் நம்பர்களைவிட அதிகமாக இருப்பது அளவுகள். இந்த பேரிங்குக்கு இந்த எண். ஜீப்புக்கென்று கேட்டால் கிடைக்காது, இன்ன டிராக்டரின் இன்ன இடத்துக்கு என்று கேட்டால் கிடைக்கும். இந்த ஆயில் சீல் இத்தனை மில்லிமீட்டர். ரேடியேட்டர் ஹோஸ் இன்ன வேனுடையது, அரை அங்குலம் வெட்ட வேண்டும். கியர் பாக்ஸ் சாமான், கிரவுன் பினியன் மாதிரி பெரிய உருப்படிகளுக்குக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகள். அங்கே போய் ஒரு நாள் பூராவும் குவியலைக் கிளற வேண்டும். கிடைக்காததை லேத்தில் கடைய வேண்டும். பம்ப்செட்டுக்கும் மில்லுக்கும் சாமான் செய்து பழகிய ஊர் கோவை. வார்ப்புப் பட்டறையும் கடைசல் பட்டறையும் தெருவுக்குத் தெரு உண்டு. உடைந்த பாகத்தைக் காட்டி “இதே மாதிரி ஒண்ணு” என்றால் போதும், படம் கேட்கமாட்டார்கள். இந்த வண்டியின் ஹாரன் ரூட்ஸ், மீட்டர் பிரிக்கால், இரண்டுமே கோவைச் சரக்கு.

“வண்டி நம்முளுதுன்னு ஆர்.சி. புக்குலதான் தம்பி இருக்குது. பட்டை கரூர்க்காரருது, பம்பு ஈரோட்டுக்காரருது, பல்லெல்லாம் கோயமுத்தூர்து. நாம டீசல் ஊத்தி ஸ்டீரிங் புடிக்கறோம், அவ்வளவுதான்.”

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் நான் பார்த்தவரையில் உண்மை அதுதான். நாட்டின் வேறு பக்கங்களில் பழைய ஜீப் வைத்திருக்கும் சிநேகிதர்கள் ஒரு நாசிலுக்காகக் கூரியரை எதிர்பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசையில் அவர்கள் ஒன்றும் குறைந்தவர்களில்லை, காசும் உண்டு. நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு டர்னர் கிடையாது. நாமக்கல் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, கரூர் பஸ், கோவை மோட்டார் என்று ஒவ்வோர் ஊரும் தன் பிழைப்புக்காக வளர்த்த கைகளின் ஓரத்தில் இந்த ஜீப் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கிறது. ஜீப்புக்கென்று யாரும் பட்டறை வைக்கவில்லை.

ஆர்.சி. பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு அதன் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000. ஐம்பது வருடம் ஆன வண்டிக்கு மட்டும் 2021-இல் ‘விண்டேஜ்’ என்று தனி வகை வைத்து, ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி நம்பர் கொடுத்தார்கள். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். அதாவது 1987 வண்டி, கழித்துக்கட்ட வேண்டிய வயதைத் தாண்டிவிட்டது, கும்பிட்டு வைக்கிற வயதுக்கு இன்னும் வரவில்லை. அந்த வயது வந்தாலும் மஞ்சள் மூட்டை ஏற்ற முடியாது. மியூசியத்தில் நிற்கிற வண்டிக்கு ஒரு சட்டம் இருக்கிறது, புகை விடுகிற வண்டிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்து வேலைக்கு வைத்திருக்கிறவனை நினைத்து யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பது என் வருத்தம்.

சித்தோடு, கவுந்தப்பாடி தாண்டிப் போனோம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகிற ஊர் கவுந்தப்பாடி. ரோட்டோர ஆலைகளில் பாகு காய்ச்சுகிற வாசம் ஜீப்புக்குள் நேரே வந்து நிறையும். கதவு இல்லாத வண்டியில் ஊர்களை வாசத்தை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

இரவு கோபியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அவர்கள் கொட்டகையில் சி.ஜே.3பி ஒன்று இருந்தது, பெட்ரோல் வண்டி, உயரப் பானெட். அந்த உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1953-இல் வில்லிஸ், புது ஹரிக்கேன் இன்ஜினைப் போட்டது. காற்று உள்ளே வருகிற வால்வைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டதால் இன்ஜின் உயரமாகிவிட்டது, பழைய பானெட் மூடவில்லை. வேறு வழியில்லாமல் பானெட்டைத் தூக்கினார்கள். அழகுக்காகச் செய்ததில்லை, பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் 1968-இல் அந்த உருவம் நின்றுபோயிற்று. இங்கே மஹிந்திரா அதைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. 2018-இல் ராக்ஸர் என்ற பேரில் அந்தச் சாயலையே அமெரிக்காவுக்குத் திருப்பிக்கொண்டு போனபோது, ஜீப் பேருக்கு அப்போது சொந்தக்காரர்களாக இருந்த ஃபியட் கிரைஸ்லர் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள்; மஹிந்திரா முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஆள் வெளிநாடு போனால் முகம் மாறுவது புதிதல்ல.

அந்த வீட்டுப் பையன் ஜீப்பைச் சீர்படுத்தப் போவதாகச் சொன்னான். போனில் படம் காட்டினான்: ஆள் இடுப்பு உயர டயர், பத்து விளக்கு, முன்னால் இரும்பு பம்பர். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் 6.00-16 டயருக்குக் கணக்குப் போட்டுச் செய்த அச்சுத்தண்டு அது. அந்த டயரை மாட்டிக் கல்லில் ஏற்றினால் முதலில் முறிவது அச்சு, அடுத்து கிங்பின், கடைசியில் பர்ஸ். அண்ணன் அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “மொதல்ல நாலு பிரேக்கும் சமமா புடிக்குதான்னு பாருங்க கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

விடியும் முன் கிளம்பி, சத்தியமங்கலம்–அத்தாணி ரோட்டில் கே.என்.பாளையம் வந்து, அங்கிருந்து மலை ஏறினோம். 2013-இல் இருந்து இந்தக் காடெல்லாம் புலிகள் காப்பகம். யானைச் சாணம் ரோட்டில் ஆவி பறக்கக் கிடந்தது. இரண்டாம் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறிற்று. ஈரோட்டில் மாற்றிய நாசில் வேலை செய்தது. பின்னால் புகை இல்லை. வெப்ப முள் நடுவைத் தாண்டவில்லை.

கடம்பூரில் டீக்கடைப் பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. வீரப்பன் தேடுதல் காலத்தில் இந்தச் சத்தம் மலை வளைவில் கேட்டால் ஆண்பிள்ளைகள் காட்டுக்குள் போய்விடுவார்களாம். யார் வருகிறார்கள், யாரைக் கூட்டிப் போவார்கள் என்று தெரியாது. அதிரடிப்படை மேல் மலைமக்கள் சொன்ன புகார்களை விசாரிக்க நீதிபதி சதாசிவா குழு அமைத்தார்கள், மனித உரிமை ஆணையம் நிவாரணம் கொடுக்கச் சொன்னது, எல்லாம் பின்னால் நடந்தவை. 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்து எவ்வளவோ காலமாகியும் அவர் காது இன்ஜின் சத்தத்தைத் தரம் பிரிக்கிறது. “இது பெஜோ. அவுங்குளுதும் இதான்” என்றார். பழைய ஜீப் என்றாலே ஏக்கத்தோடு எழுதுகிற எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள் அவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு எழுதலாம்.

கடம்பூருக்கு அப்பால்தான் ஜீப்புக்கு வேலை. மாக்கம்பாளையம் போகிற பாதையில் குரும்பூர் பள்ளம், சக்கரைப்பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் குறுக்கே ஓடுகின்றன. அப்போதெல்லாம் மழை கனத்தால் இரண்டும் பெருகி ஊர் தனித்துவிடும். பஸ் நின்றுவிடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, பிரசவ வலி வந்தால் தொட்டில் கட்டித் தூக்க வேண்டும். உயர்மட்டப் பாலம் கேட்டு ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்த காலம் அது. பொழுதுபோக்குக்காக இங்கே வண்டி கொண்டுவந்து தண்ணீரில் சர்ரென்று இறக்கி வீடியோ எடுக்கிறவர்களும் உண்டு. புலிகள் காப்பகத்து ஓடையில் போய் அந்த விளையாட்டு எதற்கு? ஊருக்குப் போக வேறு வழியில்லாதவன் இறங்குவது ஒரு ரகம், இது வேறு ரகம்.

குரும்பூர் பள்ளத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி வழி காட்டத் தயாராக இருந்தேன். அவரோ மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

“அச்சு ஆறட்டும்ங்க தம்பி.”

மலை ஏறி வந்ததில் பின் அச்சின் கிரவுன் பெட்டி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கின இடத்தை நிரப்ப, சீல் வழியாகவும் மேலே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பல்லெல்லாம் துரு. ஆகவே காத்திருக்க வேண்டும். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற அளவுக்கு ஆறிய பிறகு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கோலோடு தானே தண்ணீரில் இறங்கி அக்கரை வரை நடந்து போய்த் திரும்பினார். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். அடியில் உருண்டைக் கல், ஓரிடத்தில் குழி. முழங்காலுக்கு மேலே போயிருந்தால் மோட்டாரை இங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்போம் என்றார்.

அடுத்து ஸ்பேனரை எடுத்து ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை இன்ஜின் முழுக்க வாரி இறைக்கும், இறக்கையும் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு ஃபேன் இல்லாவிட்டால் குடி முழுகாது. பெட்ரோல் வண்டியென்றால் டிஸ்டிரிபியூட்டருக்கு ரப்பர் உறை மாட்ட வேண்டும், ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் தீப்பொறி போய்விடும். டீசலுக்கு அந்தக் கவலையே கிடையாது. காற்று இழுக்கிற வாய் நனையாதவரை ஓடிக்கொண்டிருக்கும். நனைந்துவிட்டால் மட்டும் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

லிவரைத் தள்ளி ஃபோர் வீல் போட்டு, லோவில் மாற்றினார். தார் ரோட்டில் ஏன் போடவில்லை என்று ஈரோட்டிலேயே கேட்டிருந்தேன். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற அமைப்பு இல்லை. வளைவில் முன் சக்கரம் அதிகத் தூரம் சுற்ற வேண்டும், பின் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால், மண்ணிலும் கல்லிலும் சக்கரம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் சறுக்க வழியில்லாமல் பல்லில் முறுக்கு ஏறி எங்காவது ஒன்று உடையும். புது ஜீப் வாங்கிய பலர் ஊருக்குள் ஃபோர் வீல் போட்டுக் காட்டிக் கெடுப்பது இப்படித்தான்.

முதல் கியரில், காலை ஆக்சிலேட்டரில் ஒரே மாதிரி வைத்து, ஆள் நடக்கிற வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறங்கினோம். முன்னால் ஒரு சிறு அலை எழுந்து பம்பரோடு கூடவே வந்தது. அந்த அலை கலையாமல் போனால் அதற்குப் பின்னால் பானெட்டுக்கடியில் தண்ணீர் தாழ்ந்தே இருக்கும். வேகம் கூட்டினால் தண்ணீர் மேலே ஏறும், நின்றால் பின்னாலிருந்து புகும். கிளட்சைத் தொடவேயில்லை. தரைத் தகட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்து என் செருப்பை நனைத்தது. குழியில் இடது முன் சக்கரம் இறங்கியபோது வண்டி சாய்ந்தது, கரூர்ப் பட்டை ஒருமுறை முனகி நிமிர்ந்தது, ஏறிவிட்டோம். எழுதுவதற்கு எடுத்த நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

கரையேறினதும் பெல்ட்டை மாட்டினோம். பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் நின்றதால் பிரேக் சுத்தமாக இல்லை. காலை லேசாகப் பிரேக்கில் வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டில் காயவைத்தார். சக்கரைப்பள்ளத்தில் மறுபடியும் துண்டு விரிப்பு, கோல், ஸ்பேனர். அதில் தண்ணீர் குறைவு.

மாக்கம்பாளையத்தில் மோட்டாரை இறக்கினோம். சிநேகிதர் வீட்டில் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். மோட்டாரைவிட அதிகமாக அவர் விசாரித்தது வண்டியைத்தான். அவருக்கும் ஒன்று வேண்டுமாம், நானூறு ரூபாய்க்குக் கீழே போகிற மாதிரி மாதச் செலவில். அண்ணன் சிரித்துவிட்டு ராகி மூட்டையைத் தூக்கினார்.

திரும்பி வந்து கொடுமுடியில் முதல் வேலையாக இரண்டு அச்சின் வடிகால் போல்ட்டையும் தளர்த்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். பின் அச்சு எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. முன் அச்சில் பால் கலந்த டீ. இடது சக்கரப் பக்கத்து ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தது. எண்ணெயை வடித்து, டீசல் விட்டுக் கழுவி, சக்கரத்தைப் பிரித்துப் போட்டோம். சீல் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்து, நகத்தால் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. புது சீல் போட்டாலும் அந்தக் கோட்டில் ஒழுகும்.

அண்ணன் கோவையில் இருக்கும் டர்னருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டைரியில் இருந்த அளவைப் படித்தார். அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரல் வந்தது.

“தண்டை மாத்த வேண்டாம்ங்க. ஒரு ஸ்லீவ் கடைஞ்சு சூடு பண்ணி ஏத்திரலாம். சீலு அந்த அளவுல இப்ப வர்றதில்ல, அடுத்த அளவு டிராக்டருக்கு வருது. அதுக்குத் தக்கனா நான் கடைஞ்சுக்கறேன். வியாழக்கெழம கரண்ட் இருக்காது, வெள்ளிக்கெழம கொண்டாந்துருங்க.”

“எவ்வளவு ஆகும்ங்க?”

“கொண்டாங்க, பாத்துக்கலாம்.”

அண்ணன் டைரியைத் திருப்பி, முன் அச்சு என்ற பக்கத்தில் பழைய சீல் எண்ணை அடித்துவிட்டு, டிராக்டர் சீல் என்று எழுதி அளவுக்கு இடம் விட்டார்.